டிஸ்னி வேர்ல்டு போறீங்களா? அஞ்சு ஸ்டார் ரைடு லிஸ்ட்டை தூக்கிட்டு ஓடாதீங்க, நாங்க பண்ண தப்பு அதுதான்

டிசம்பர் லீவு நெருங்கினா போதும், ஒர்லாண்டோ போறோம் மச்சி, டாப் டென் ரைடு லிஸ்ட் இருந்தா அனுப்புன்னு வாட்ஸ்அப்ல மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். நான் அனுப்புறதில்ல. ஏன்னா முதல் தடவை நான் அந்த மாதிரி ஒரு லிஸ்ட்டை பிரிண்ட் போட்டு பாக்கெட்ல வச்சுக்கிட்டு தான் போனேன், ஊர்ல இருந்து வந்திருந்த அப்பா அம்மா, ஒய்ஃப், பையன், பொண்ணுன்னு மொத்தம் ஆறு பேரு, பத்து ரைடுல நாலு தான் ஏற முடிஞ்சது, அந்த நாலுலயும் ஆறு பேரும் சேர்ந்து ஏறினது ஒண்ணே ஒண்ணு. அப்புறம் ரெண்டு தடவை போயி தான் கொஞ்சம் புத்தி வந்துச்சு.

முதல்ல ஃப்ளோரிடாவுல ஒர்லாண்டோ பக்கம் இருக்கிற இந்த இடம் எவ்வளவு பெருசுன்னு புரிஞ்சுக்கணும். நம்மாளுங்க நிறைய பேர் டிஸ்னி வேர்ல்டுன்னா ஒரு கேட், ஒரு கோட்டை, ஒரு நாள்ல முடிஞ்சிடும்னு நினைக்கிறாங்க. மொத்தம் கிட்டத்தட்ட 25,000 ஏக்கர். அதுக்குள்ள நாலு தனித்தனி பார்க், கோட்டை இருக்கிற மேஜிக் கிங்டம் 1971ல திறந்தது, எப்காட் 1982, ஹாலிவுட் ஸ்டூடியோஸ் 1989, அனிமல் கிங்டம் 1998. இது போக ரெண்டு வாட்டர் பார்க். ஒரு நாளைக்கு ஒரு பார்க், அதுவே தாராளம். ரெண்டு நாள்ல நாலு பார்க்னு பிளான் போடுறவங்க பாதி நேரம் பஸ்லயும் பார்க்கிங்லயும் தான் இருப்பாங்க.

யாரு போட்ட ஸ்டார் அது?

ரேட்டிங்ல தான் எல்லா தப்பும் ஆரம்பிக்குது. ஒரு ரைடுக்கு அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார்னு பாத்தா அதை போட்டது இருபத்தஞ்சு வயசு பையனா, மூணு வயசு குழந்தையோட அம்மாவா, எழுபது வயசு தாத்தாவான்னு நாம கேக்கறதே இல்ல. அதனால வயசு வாரியா பிரிச்சு கொடுத்திருக்கிற ரேட்டிங்கை மட்டும் பாருங்க, எல்லாரையும் ஒண்ணா போட்டு கலக்கி எடுத்த சராசரி நம்பர் உங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் பொருந்தாது.

எங்க கதையே சொல்றேன். அனிமல் கிங்டம்ல ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ்னு ஒரு ரைடு, எந்த லிஸ்ட்ல பாத்தாலும் மேல தான் இருக்கும், நானும் ஒத்துக்கறேன், பறக்கிற மாதிரியே இருக்கும். ஆனா அதுல பைக்ல உக்கார்ற மாதிரி ரெண்டு பக்கமும் காலை போட்டு முன்னால சாஞ்சு உக்காரணும், முதுகுக்கு பின்னால இருந்து ஒண்ணு வந்து புடிச்சுக்கும். எங்கம்மா கட்டியிருந்தது புடவை. ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னு, உள்ள போயி அந்த சீட்டை பாத்துட்டு, "ஏன்டா இதுல ஏறவா என்னை இவ்வளவு நேரம் நிக்க வச்ச"ன்னு ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, அது இன்னும் ஞாபகம் இருக்கு. நின்ன நேரம் போச்சு, அம்மா வெளிய வந்து பெஞ்சுல உக்காந்துட்டாங்க.

அதே அம்மா மறுநாள் எப்காட்ல லிவிங் வித் த லேண்ட்னு ஒரு போட் ரைடுல இருந்து இறங்கவே மாட்டேன்னாங்க. எந்த டாப் டென்லயும் அது வராது. சும்மா மெதுவா ஒரு போட் போகும், ஒரு கால் மணி நேரம், பாதி தூரம் உண்மையான கிரீன்ஹவுஸ்க்குள்ள, மண்ணே இல்லாம தண்ணியில வளர்க்கிற செடி, அந்தரத்துல வேர் தொங்க ஊர்வலம் மாதிரி நகர்ந்து போற செடி. நடுவுல பலா மரத்தை பாத்ததும் அம்மா பக்கத்து சீட்ல இருந்த வெள்ளைக்கார பாட்டிக்கு தமிழ்லயே பலாக்கொட்டை குழம்பு வைக்கிறது எப்படின்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, அந்தம்மாவும் தலையாட்டி கேட்டுக்கிட்டு வந்தாங்க. அன்னைக்கு ராத்திரி எல்லாரும் பத்துக்கு எத்தனை மார்க்னு ஒரு நோட்ல எழுதினோம், அம்மா இதுக்கு பத்து, எனக்கு பிடிச்ச ஃப்ளைட் ஆஃப் பாஸேஜுக்கு பூஜ்யம். அப்பா மேஜிக் கிங்டம்ல இருக்கிற பீப்பிள்மூவருக்கு ஒன்பது போட்டார், காரணம் "உக்கார இடம், மேல கூரை, காத்து, யாரும் கத்தல". பத்து நிமிஷம் உயரத்துல சுத்தி வர்ற சாதாரண ஊர்தி, அவர் மூணு தடவை போனார்.

அதனால நான் இப்ப ஒரு ரைடை எடை போடுறது இப்படி தான்: நம்ம கூட்டத்துல எத்தனை பேர் ஏற முடியும், எத்தனை நிமிஷம் நிக்கணும், எத்தனை நிமிஷம் உக்காருவோம். செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின் நல்ல ரைடு தான், ஆனா ஓடுறது மூணு நிமிஷத்துக்கும் குறைவு, பகல்ல லைன் ஒரு மணி நேரம் சர்வசாதாரணம். பீட்டர் பேன்ஸ் ஃப்ளைட்டும் அப்படித்தான், மூணு நிமிஷ ரைடு, ஒரு தடவைக்கு கொஞ்சம் பேரை தான் ஏத்தும், அதனால எப்ப போனாலும் கூட்டம் நிக்கும். பைரேட்ஸ் போட்லயும் ஹான்டட் மேன்ஷன்லயும் எட்டு நிமிஷம் சுத்தி காட்டுவாங்க, ஹான்டட் மேன்ஷன்ல வண்டி நிக்காம சங்கிலி மாதிரி வந்துக்கிட்டே இருக்கும், லைன் நீளமா தெரிஞ்சாலும் கடகடன்னு நகரும். இந்த மாதிரி வேகமா ஆளை விழுங்குற ரைடை மதியத்துக்கு வச்சுக்கோங்க, மெதுவா விழுங்குறதை காலையில முதல் வேலையா முடிங்க. லிஸ்ட்ல எது மேல எது கீழங்கறதை விட எதை எப்ப போறோம்ங்கறது தான் முக்கியம்.

உயரக் கம்பு

குழந்தைங்க வச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு இதை வீட்டுலயே பாத்துட்டு கிளம்புங்க. ஸ்பேஸ் மவுன்டன், எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட், ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ் மூணுக்கும் 44 இன்ச் வேணும், ட்ரான்க்கு 48, மைன் ட்ரெயினுக்கும் ஸ்லிங்கி டாகுக்கும் 38. நான் என்ன பண்ணேன், ரெண்டு மாசமா பொண்ணுக்கு எவரெஸ்ட் வீடியோவா போட்டு காட்டி ஏத்தி விட்டுட்டேன், உயரத்தை அளந்து பாக்கல. வாசல்ல அந்த கம்பு கிட்ட நிக்க வச்சாங்க, அவ மெதுவா குதிகாலை தூக்குறா, அங்க நின்ன பொண்ணு சிரிச்சுக்கிட்டே குனிஞ்சு ஷூவை தொட்டு கீழ வைக்க சொல்றாங்க, தலைக்கும் கம்புக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி. எங்க அண்ணன் உச்சியில கொண்டை போட்டு விட்டா பாஸ் ஆயிடும்னு ஐடியா கொடுத்திருந்தார், கொண்டையை எல்லாம் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க, அது பாதுகாப்பு விஷயம், அதுல விளையாடவும் கூடாது. அழுகைன்னா அப்படி ஒரு அழுகை. ஏற முடியாத குழந்தை இருந்தா ரைடர் ஸ்விட்ச்னு ஒண்ணு இருக்கு, வாசல்ல கேட்டா போதும், ஒருத்தர் ஏறிட்டு வர்ற வரைக்கும் இன்னொருத்தர் குழந்தையோட வெளிய இருக்கலாம், அப்புறம் அவங்க திரும்ப முழு லைன்ல நிக்காம ஏறிக்கலாம். இது தெரியாம நானும் ஒய்ஃபும் தனித்தனியா ரெண்டு தடவை முழு லைன் நின்னோம்.

ஒன்பது மணின்னா ஒன்பது மணி இல்ல

மேஜிக் கிங்டம் ஒன்பதுக்கு திறக்குதுன்னா ஒன்பதுக்கு பார்க்கிங்ல நுழையறது பெரிய தப்பு. மத்த மூணு பார்க்ல காரை விட்டா நேரா கேட்டுக்கு போயிடலாம், இங்க அப்படி இல்ல, கார் நிறுத்துற இடம் ஏரிக்கு இந்தப் பக்கம், பார்க் அந்தப் பக்கம். அங்க இருந்து மோனோரயிலோ ஃபெர்ரியோ புடிச்சு தான் போகணும். செக்யூரிட்டி, ஸ்ட்ரோலர் மடக்கறது, ஒருத்தர் பாத்ரூம் போறதுன்னு எல்லாம் சேர்ந்து எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. எட்டு மணிக்கு முன்னாடி பார்க்கிங்ல இருங்க. காலையில அந்த முதல் ஒரு மணி நேரத்துல ஏற வேண்டியதை விட்டுட்டா மதியம் அதே ரைடுக்கு மூணு மடங்கு நிக்கணும்.

இன்னொண்ணு, டிஸ்னி ஹோட்டல்ல தங்கினா எந்த நாளும் எந்த பார்க்லயும் அரை மணி நேரம் முன்னாடியே உள்ள விடுவாங்க. நாம பொதுவா டிஸ்னிக்கு வெளிய, பக்கத்து ஊரான கிஸ்ஸிமீ பக்கம் கிச்சனோட ஒரு வில்லா எடுத்து நாலு குடும்பமா தங்குறோம், அதுல காசு மிச்சம், சாப்பாடு பிரச்சனை இல்ல, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்த அரை மணி நேரம் நமக்கு இல்லங்கறதை கணக்குல வச்சுக்கோங்க. அனிமல் கிங்டம்ல நாம கேட்டுக்குள்ள போறப்பவே ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ்ல கூட்டம் நிறைஞ்சிருக்கும், அப்ப அந்தப் பக்கம் ஓடறதை விட நேரா சஃபாரிக்கு போறது புத்திசாலித்தனம். சஃபாரி இருபது நிமிஷம் சொச்சம் வரும், திறந்த வண்டி, நிஜ மிருகங்க, காலையில வெயில் ஏறாதப்ப நல்லா நடமாடும். மதியம் போனீங்கன்னா சிங்கம் நம்மூர் ரிட்டயர்டு மாமா மாதிரி குப்புற படுத்து கிடக்கும்.

பழைய வீடியோ பாத்துட்டு வராதீங்க

முழு லைன்ல நிக்காம ஏற விடுற ஃபாஸ்ட்பாஸ் ஃப்ரீன்னு சொல்ற வீடியோ இன்னும் யூடியூப்ல சுத்துது. 1999ல வந்த அந்த இலவச ஏற்பாடு எப்பவோ போயிடுச்சு, 2021ல ஜீனி பிளஸ்னு காசு கட்டுற முறை வந்துச்சு, 2024 ஜூலையில அதுவும் பேர் மாறி லைட்னிங் லேன் மல்டி பாஸ், சிங்கிள் பாஸ்னு ரெண்டா ஆச்சு. மல்டி பாஸ் வாங்கினா மூணு ரைடுக்கு முன்கூட்டியே நேரம் போட்டுக்கலாம், ட்ரான், ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ் மாதிரி ஒரு சிலதுக்கு சிங்கிள் பாஸ் தனியா வாங்கணும். விலை நாளுக்கு நாள் மாறும். டிஸ்னி ஹோட்டல்காரங்களுக்கு ஏழு நாள் முன்னாடி, நமக்கெல்லாம் மூணு நாள் முன்னாடி புக்கிங் திறக்கும், காலையில ஏழு மணி, ஆனா அது ஒர்லாண்டோ டைம். டாலஸ்ல ஆறு, கலிஃபோர்னியாவுல விடிகாலை நாலு. நான் நாங்க இருக்கிற ஊர் டைம்ல ஏழுக்கு எழுந்து ஆப்பை திறந்து பாத்தப்ப எனக்கு வேண்டியது எல்லாமே சாயங்காலத்துக்கு தள்ளி போயிருந்துச்சு.

நாலு பார்க்குக்கும் வாங்கறது என்னைக் கேட்டா வீண் செலவு. ரைடு நிறைய இருக்கிறது மேஜிக் கிங்டம்ல, அங்க வாங்கினா பிரயோஜனம். அனிமல் கிங்டம்ல ரைடே விரல் விட்டு எண்ணிடலாம், சீக்கிரம் எழுந்து போனாலே போதும். எவரெஸ்ட்ல சிங்கிள் ரைடர்னு தனி லைன் இருக்கு, பக்கத்துல பக்கத்துல உக்காரணும்னு அடம் பிடிக்காதவங்க அதுல புகுந்து போயிடலாம், என் பையன் ரெண்டு தடவை அப்படித்தான் போனான்.

கிளம்பறதுக்கு முன்னாடி எந்தெந்த ரைடு மராமத்துக்காக மூடி இருக்குன்னும் பாத்துடுங்க. பிக் தண்டர் மவுன்டன் 2025 ஜனவரியில மூடி அந்த வருஷம் முழுக்க திறக்கல, அதுக்காகவே போன ஒரு நண்பர் வேலியை பாத்துட்டு வந்தார்.

காலு, வயிறு, வானம்

பெரியவங்களை கூட்டிட்டு போறவங்க வீல்சேர் விஷயத்தை முதல் நாள் ராத்திரியே பேசி முடிங்க. வாசல்ல வாடகைக்கு கிடைக்கும். எங்கப்பா "நான் தினம் வாக்கிங் போறவன்டா"ன்னு மறுத்துட்டார், மத்தியானம் ரெண்டு மணிக்கு என் போன்ல பதினேழாயிரம் ஸ்டெப், அவர் ஒரு மரத்தடியில செருப்பை கழட்டி போட்டுட்டு உக்காந்துட்டார், அதோட அன்னைக்கு பிளான் முடிஞ்சுது. மறுநாள் அவரே போயி வீல்சேர் எடுத்தார், பாதி நேரம் பேத்தி தான் உக்காந்துட்டு வந்தா அது வேற கதை.

வெளி சாப்பாடு உள்ள விடமாட்டாங்கன்னு பயந்து பட்டினியா போகாதீங்க, தாராளமா விடுவாங்க. புளிசாதம், தயிர்சாதம், சப்பாத்தி ரோல் எல்லாம் கொண்டு போகலாம், கண்ணாடி பாட்டில் மட்டும் கூடாது, ஐஸ் கட்டியை அப்படியே கொட்டி எடுத்துட்டு போகவும் கூடாது. எங்கம்மா மாவடு கொண்டு வந்தது கண்ணாடி பாட்டில்ல, திரும்ப கார் வரைக்கும் நடந்தது நான். சாப்பாடு விக்கிற கவுன்டர்ல கேட்டா ஐஸ் தண்ணி காசில்லாம தருவாங்க. நம்ம நாக்குக்கு ஏத்த மாதிரி ஒரு வேளை உக்காந்து சாப்பிடணும்னா அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டல்ல சனாங்கற ரெஸ்டாரன்ட், நான் ரொட்டியும் விதவிதமா சட்னியும், பகல்ல போனா ஜன்னல் வெளிய ஒட்டகச்சிவிங்கி.

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மதியத்துக்கு மேல இடி மழை சகஜம், மின்னல் வந்தா வெளியில ஓடுற ரைடை எல்லாம் நிறுத்திடுவாங்க. பாதி கூட்டம் கிளம்பிடும். நீங்க கிளம்பாதீங்க, ஊர்ல இருந்தே ரெயின்கோட் கொண்டு வந்து உள்ள நடக்கிற ஏதாவது ஒரு ஷோவுல போயி உக்காருங்க, மழை விட்டதும் லைன் எல்லாம் காலியா இருக்கும். டிசம்பர்ல மழை கம்மி, அதுக்கு பதிலா ஃப்ளோரிடான்னு நம்பி டீஷர்ட்டோட போயி காலையில நடுங்குவீங்க.

மேஜிக் கிங்டம்ல ராத்திரி வாணவேடிக்கை முடிஞ்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல மோனோரயிலுக்கு ஓடுறாங்க, அதுல தூங்குற குழந்தையை தோள்ல போட்டுக்கிட்டு போயி மாட்டிக்காதீங்க. பார்க் மூடுற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடி லைன்ல நுழைஞ்சுட்டா கூட ஏத்தி தான் அனுப்புவாங்க, அதனால கடைசியா ஒரு ரைடு போயிட்டு, வாசல் பக்கம் இருக்கிற மெயின் ஸ்ட்ரீட்ல ஐஸ்கிரீம் வாங்கி உக்காந்துட்டு கிளம்பினா கூட்டம் கரைஞ்சிருக்கும். காலையில காரை விட்டதும் அந்த பார்க்கிங் போர்டை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, அங்க ஒவ்வொரு பகுதிக்கும் ஹீரோ வில்லன் பேர் வச்சிருக்காங்க, ராத்திரி பதினொரு மணிக்கு நாங்க ஆறு பேரும் கார் சிம்பாவுல இருக்கா ஜாஃபர்ல இருக்கான்னு சண்டை போட்டுக்கிட்டு நின்னோம், கடைசியில ரெண்டுலயும் இல்ல.