மரச்சட்ட மாளிகை: பார்ப்பதிலும் பழுதுபார்ப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், அகழி சூழ நிற்கும் லிட்டில் மோர்ட்டன் ஹால் என்னும் பழைய மரச்சட்ட மாளிகையை முதன்முறை பார்ப்பவர்களுக்கு, அது எந்த நேரமும் சரிந்துவிடும் என்றே தோன்றும். மேல்தளத்தில் நீண்ட கூடம் ஒன்றை அமைத்து, அதன்மேல் கனமான கற்பலகைகளால் கூரை வேய்ந்ததால், கீழ்த்தளங்கள் பாரம் தாங்காமல் வளைந்துவிட்டன. ஆனால் கோணலைக் கண்டதும் அதை நிமிர்த்தப் புறப்படுவது தவறு. அக்காலத் தச்சர்கள் ஓக் மரத்தை ஈரம் காயுமுன்பே அறுத்துச் செதுக்கி, ஒரு கட்டையின் நாக்கை மற்றொன்றின் துளைக்குள் செருகி, மர ஆணி அடித்து இறுக்கினார்கள். மரம் காயக் காயச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். நூற்றாண்டுகளாக அப்படியே உறைந்துபோன சட்டத்தை வலிந்து நேராக்கினால் இணைப்புகள்தான் பிளக்கும். அது இன்னும் நகர்கிறதா, அடிக்கட்டை உளுத்திருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு சிமெண்ட். மரச்சட்டங்களுக்கு இடையிலுள்ள பகுதியைப் பிளந்த குச்சிகளால் பின்னி, களிமண், வைக்கோல், சாணம் கலந்த சேற்றால் நிரப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவதே பழைய முறை. சுண்ணாம்புப் பூச்சு உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அப்படியல்ல: பருவத்துக்குப் பருவம் மரம் சுருங்கி விரிகையில் சிமெண்ட் அசையாமல் நிற்பதால், இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்து, அதில் இறங்கும் மழைநீர் திரும்பி வர வழியின்றி மரத்திலேயே தங்குகிறது. வெளியே பளிச்சென்று தெரியும் உத்தரத்தில் உளியை வைத்தால், ஊறிய ரஸ்க்கில் இறங்குவதுபோல் இறங்கும்.

மரம் கறுப்பாகவும் பூச்சு வெள்ளையாகவும் தெரியும் கோலத்தை மூல அழகு என்று நம்பி, புதுப்பிக்கும்போது தாரை அப்பிவிடுவதும் வழக்கம். பல வீடுகளில் அந்தக் கறுப்பு, விக்டோரியா அரசியின் காலத்து ரசனையே. அதற்குமுன் ஓக் வெயிலில் வெளிறிச் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது.

காலக்கணிப்பிலும் அவசரம் கூடாது. இம்மாளிகையின் முற்றத்துச் சாளரங்களில், அவற்றைச் செய்தவர் ரிச்சர்ட் டேல் என்னும் தச்சர் என்ற குறிப்பும் 1559 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டுள்ளன. அது சாளரங்களின் வயது. வீட்டின் பழைய பகுதிகள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. உத்தரத்தில் வெற்றுத் துளைகளைக் கண்டு, ‘பழைய கப்பலை உடைத்த மரம்’ என்று கதை கட்டுவோரும் உண்டு. கடலுக்கு வெகுதூரத்தில் உள்ள ஊர்களிலும் இதே கதை சொல்லப்படுவது வேடிக்கை. அத்துளைகள் பெரும்பாலும் வேறொரு கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த மரத்தின் அடையாளங்களே.

பிற்காலத்துச் சேர்க்கை என்று எதையும் பிய்த்தெறிவதற்கு முன்பும் யோசிக்க வேண்டும். 1976இல் இங்கே சுவரை மூடியிருந்த பிற்காலப் பலகைகளுக்குப் பின்னே, விவிலியக் கதைகளில் வரும் சூசன்னாள் என்னும் பெண்ணின் கதையைச் சொல்லும் பழைய ஓவியங்கள் வெளிப்பட்டன. மறைத்திருந்த அந்தப் பலகைகளே அவற்றைக் காத்தும் வைத்திருந்தன.