மேட்டூர் பாதையில் கரி வண்டியைப் படமெடுக்கப் பழகலாம்

சேலம் பக்கத்து ஓமலூரில் சேலம்-பெங்களூரு ரயில் பாதையை விட்டுப் பிரிந்து, மேச்சேரி ரோடு வழியாக மேட்டூர் டேம் வரை போகிறது இந்தக் கிளைப் பாதை. அனல் மின் நிலையத்துக்கான நிலக்கரி இதில்தான் போகிறது. கூட்ஸ் வண்டி எடுக்கப் பழக எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

கேமராவைத் தொடுமுன் திசையைப் பாருங்கள். கரி ஏற்றிய வண்டி மொத்தத்தில் மேற்கு நோக்கிப் போகும். காலையில் வெயில் அதன் முதுகில்தான் விழும், இன்ஜின் முகம் இருண்டுவிடும். நான் பல காலைகளை இப்படித்தான் இழந்தேன். ஏற்றிய வண்டிக்கு மாலை, காலியாகத் திரும்புவதற்குக் காலை. குளிர்காலத்தில் பாதைக்குத் தெற்கே நில்லுங்கள்.

நிற்கும் இடம் ரயில்வே நிலத்துக்கு வெளியேதான். அத்துமீறி நுழைந்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். செல்ஃபி குச்சி வேண்டவே வேண்டாம். ஸ்டேஷனுக்குள் எடுப்பதென்றால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்ஸுக்குப் பயணிகள் பார்க்கிற டைம்டேபிள் கிடையாது. லெவல் கிராசிங் பக்கம் காத்திருங்கள். கேட் மூடினால் ஏதோ ஒரு வண்டி வருகிறது; அந்த நேரத்துக்குப் பாசஞ்சர் இல்லையென்றால் கூட்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது கேமரா. ஷட்டர் வேகத்தை 1/800 நொடியில் வையுங்கள். வண்டி வருமுன்பே, அது வந்து சேரப்போகிற இடத்து ஜல்லியில் ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் ஹெட்லைட்டைப் பார்த்துக் கேமரா படத்தை இருட்டாக்கும், கரியைப் பார்த்து வெளிறவைக்கும். மொபைலில் அந்த ஜல்லியை விரலால் அழுத்திப் பிடித்தால் போதும்.

இன்ஜின் போனதும் கேமராவை இறக்காதீர்கள். முழு ரேக்கில், அதாவது ஒன்றாகக் கோத்த பெட்டி வரிசையில், 58, 59 பெட்டிகள். ஏறக்குறைய 650 மீட்டர் நீளம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் உங்களுக்கு ஒரு நிமிடம் இருக்கிறது. விளிம்புக்கு மேலே குவிந்த கரி, துருவேறிய கதவுக் கொக்கி, பக்கவாட்டில் சாக்கட்டியால் எழுதிய எண்கள் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில்தான் கிடைக்கும். ஷட்டரை 1/60-க்கு இறக்கி, ஒரு பெட்டியோடு சேர்ந்து உடம்பைத் திருப்பியபடி எடுத்துப் பாருங்கள். பின்னணி மட்டும் இழுபட்டு ஓடும்.

கடைசியில் கார்டு வண்டி. கேட்கீப்பர் பச்சைக் கொடியோடு நிற்பார், கார்டும் பதிலுக்குக் கொடி காட்டுவார். இரண்டு கொடியும் ஒரே ஃபிரேமுக்குள் வரும்போது அழுத்துங்கள்.