காருக்குப் பதிலாக மின்சைக்கிளா, மின்ஸ்கூட்டரா? சிங்கப்பூரில் வாங்குவதற்கு முன்னும் பின்னும்

சிங்கப்பூரில் மின்சைக்கிளோ, நின்றபடி ஓட்டும் சிறு மின்ஸ்கூட்டரோ வாங்க நினைப்பவர் எடுத்த எடுப்பில் கடைக்குப் போகக்கூடாது. தாம் அன்றாடம் போய்வர வேண்டிய வழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தே பார்த்துவிட்டு வர வேண்டும். “அண்ணே, எந்த வண்டி நல்லா இருக்கும்?” என்று என்னிடம் கேட்கும் தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது “எந்த வழியாப் போகப் போறே?” என்பதைத்தான். இரண்டு வண்டிகளுக்கும் வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை, விலையிலும் அப்படித்தான். எந்தப் பாதையில் எதை ஓட்டலாம் என்பதில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கிறது.

2019 நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டரை நடைபாதையில் ஓட்டுவது தடை செய்யப்பட்டுள்ளது. சாலையில் அதை ஓட்ட அதற்கு முன்பும் அனுமதி இல்லை. ஆகவே அதற்கு மிஞ்சியிருப்பவை சைக்கிள் பாதைகளும் பூங்கா இணைப்புப் பாதைகளும் மட்டுமே. மின்சைக்கிளும் நடைபாதையில் ஏறக்கூடாது என்றாலும், சைக்கிள் பாதையைத் தவிர சாலையிலும் அதை ஓட்டலாம். விரைவுச்சாலைகளும் சுரங்கச் சாலைகளும் மட்டும் விலக்கு. நடைபாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்டிப் பிடிபடுபவருக்கு 2,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2025 ஜூலை 1 முதல் இன்னொரு விதியும் சேர்ந்துள்ளது: சைக்கிள் பாதையை ஒட்டி, நடப்பவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட பாதையில் சாதாரண சைக்கிள்கூடப் போகக்கூடாது. அருகருகே இரண்டு பாதைகள் ஓடும் இடத்தில் தரையில் வரைந்திருக்கும் சைக்கிள் படத்தையும் சிவப்புப் பட்டையையும் கவனிக்கும் பழக்கம் இருந்தால் இதில் குழப்பம் வராது.

வழியை நடந்து பார்க்கும்போது தூரத்தை அளந்தால் மட்டும் போதாது, பாதை எங்கெங்கே அறுபடுகிறது என்று எண்ண வேண்டும். ஈசூனில் எங்கள் புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். கைப்பேசி வரைபடத்தில் பார்த்தால் முழுக்கச் சைக்கிள் பாதை போலத்தான் தெரியும். நடந்து பார்த்தபோது, மின்தூக்கியிலிருந்து சைக்கிள் பாதை தொடங்கும் இடம்வரை 180 மீட்டர் வெறும் நடைபாதை, நடுவில் ஒரு பேருந்து நிறுத்தம், அதன் பின்னால் இருவர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அளவுக்கு ஒடுங்கிய வளைவு என்று ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. அந்த 180 மீட்டரும் வண்டியிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய தூரம். காலை ஏழரை மணிக்கு, ஒரு கையில் பையும் மறு கையில் பதினைந்து கிலோ ஸ்கூட்டருமாக அதைக் கடப்பது எப்படி இருக்கும் என்று கடைக்காரர் சொல்லமாட்டார். அறுபடும் இடங்கள் இரண்டு மூன்றுக்குள் இருந்து, மொத்தம் முந்நூறு மீட்டருக்குள் அடங்கினால் ஸ்கூட்டரைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு மேல் போனால் மின்சைக்கிள். சாலையில் ஓட்ட மனம் ஒப்பவில்லை என்றால் இரண்டுமே வேண்டாம், பேருந்தே மேல்.

தெம்பனிஸ், பொங்கோல், அங் மோ கியோ போன்ற பேட்டைகளில் சைக்கிள் பாதைகள் ஓரளவு தொடர்ச்சியாக இருப்பதால் அங்கே குடியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எளிது. தீவு முழுவதும் 2030க்குள் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை அமைப்பது அரசாங்கத்தின் திட்டம். ஆனால் உங்கள் வீட்டு வாசலுக்கு அது எப்போது வரும் என்பதை நம்பி வண்டி வாங்க முடியாது.

அடுத்தது காரோடு ஒப்பிடும் கணக்கு. இங்கே கார் வைத்திருக்க விலை கொடுத்து வாங்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுகளுக்குத்தான் செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பிரிவில் அது 150,001 வெள்ளியைத் தொட்டது. ஒரு லட்சம் வெள்ளி என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், கார் ஓடினாலும் கார்நிறுத்துமிடத்தில் தூங்கினாலும் நாளொன்றுக்கு 27 வெள்ளி அந்தச் சான்றிதழுக்கே போகிறது. காரின் விலை, பெட்ரோல், நிறுத்தக் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். ஆயினும் மின்சைக்கிள் காரின் எல்லா வேலையையும் செய்துவிடும் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். வயதான அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும், மழையில் பிள்ளைகளோடு கல்யாண வீட்டுக்குப் போவதும் அதனால் ஆகாது. கடந்த இரண்டு வாரங்களில் எங்கெங்கே போனீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தனியாகவோ ஒரு பையோடு மட்டுமோ, ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் போய்வந்தவை பாதிக்கு மேல் இருந்தால், அவற்றை மின்சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை எம்ஆர்டிக்கும் அவ்வப்போது டாக்சிக்கும் விட்டுவிடலாம். வீட்டில் இரண்டு கார் இருப்பவர்கள் ஒன்றை விடுவதற்கும், ஏற்கெனவே இருக்கும் காரின் சான்றிதழ் முடியும்போது புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கும் இந்தத் தாள் மிகவும் உதவும்.

என் கருத்தில், பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது மின்சைக்கிள்தான். மின்ஸ்கூட்டரின் ஒரே பெரிய பலம் மடித்து ரயிலில் கொண்டுபோகலாம் என்பது. மடித்த நிலையில் 120 சென்டிமீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் உயரம், 40 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அது அடங்க வேண்டும். நிலையத்துக்குள்ளும் ரயிலிலும் அதை ஓட்டக்கூடாது. வீட்டிலிருந்து நிலையத்துக்கும், இறங்கும் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கும் சைக்கிள் பாதை இருப்பவருக்கு இது அருமையான ஏற்பாடு. மற்றவர்களுக்கு அது வரவேற்பறையை அடைத்துக்கொண்டு நிற்கும் பொருளாகிவிடும்.

இப்போது கடைக்குப் போகலாம். மின்சைக்கிள் என்றால் இஎன் 15194 தரச் சான்று பெற்றதா, அதன்மேல் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் செம்மஞ்சள் முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வண்டியின் எடை 20 கிலோவுக்கும் மேல் போகக்கூடாது. பெடலை மிதித்தால்தான் மோட்டார் உதவ வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் அந்த உதவி நின்றுவிட வேண்டும். இதைக் கடையிலேயே சோதிக்கலாம்: பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பெடலைத் தொடாமல் கைப்பிடியில் இருக்கும் எல்லாப் பொத்தான்களையும் திருகுகளையும் இயக்கிப் பாருங்கள். சக்கரம் தானாகச் சுற்றி வேகம் பிடித்தால், அந்த வண்டியை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மின்ஸ்கூட்டர் என்றால் யூஎல் 2272 தீப்பாதுகாப்புச் சான்று கட்டாயம். எடை 20 கிலோ, அகலம் 70 சென்டிமீட்டர், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் ஆகியவற்றைத் தாண்டக்கூடாது. “உள்ளே ஒரு ஒயரைக் கழற்றிவிட்டால் நாற்பதில் பறக்கும்” என்று காதோடு காதாகச் சொல்பவர் எந்த ஊரிலும் உண்டு. அப்படி மாற்றிய வண்டி பிடிபட்டால் பறிபோவது உங்கள் வண்டி, நீதிமன்றப் படியேறுவது நீங்கள்.

இரண்டு வண்டிகளையும் பதிவு செய்ய வேண்டும். ஓட்டுபவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் இணையவழி எழுத்துத் தேர்விலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். தேர்வு கடினமானதன்று, ஆனால் கையேட்டைப் புரட்டாமல் உட்கார்ந்தால் பாதை விதிகளில் தடுமாறுவீர்கள். பழைய வண்டி வாங்குபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன், எண் பலகையில் உள்ள எண்ணும் பதிவில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்த்து, உரிமையாளர் பெயரை அங்கேயே இணையத்தில் மாற்றிக்கொள்வது நல்லது. “நாளைக்கு மாத்தித் தர்றேன்” என்பவரிடம் நாளைக்கே பணத்தைக் கொடுங்கள்.

பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டியின் விலையில் பெரும்பங்கும் வீட்டுக்கு வரக்கூடிய ஆபத்தில் பெரும்பங்கும் அதில்தான் இருக்கின்றன. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் இரண்டையும் பெருக்கினால் 360 வாட்-மணி. சமதளத்தில் நீங்களும் மிதித்துக்கொண்டு போனால் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டருக்கு அது போதும். யூனிட் 30 காசு என்று வைத்தால், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து ஒரு முழுச் சார்ஜுக்கு 12 காசுதான் ஆகும். பேட்டரியைத் தனியே கழற்ற முடிகிற வண்டியாகத் தேர்ந்தெடுங்கள். வண்டியைக் கீழ்த்தளத்துச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் பூட்டிவிட்டு, பேட்டரியை மட்டும் மேலே கொண்டுவரலாம்.

2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடொன்றில் மின்ஸ்கூட்டர்களோடு தொடர்புடைய தீயில் ஒருவர் உயிரிழந்தார். லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பல மின்கல அறைகளில் (செல்களில்) ஓர் அறை சூடேறிக் கட்டுமீறினால் அந்தச் சூடு பக்கத்து அறைக்குத் தாவி, நிமிடக் கணக்கில் எல்லா அறைகளும் அடுத்தடுத்துப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் தூங்கும்போது சார்ஜ் செய்யாதீர்கள் என்றும், வாசற்கதவுக்குப் பக்கத்தில் சார்ஜ் செய்யாதீர்கள் என்றும் சொல்கிறார்கள். வாசலில் தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும். வண்டியை ஓட்டி வந்தவுடன் சார்ஜரைச் செருகாமல், பேட்டரி ஆறும்வரை அரைமணி நேரம் விடுங்கள். மெத்தை, பாய், துணிக்குவியலுக்கு அருகில் வைக்காமல் வெறும் தரையில் வையுங்கள். நீட்டிப்பு ஒயரில் செருகாமல் சுவர்ச் செருகியிலேயே நேரடியாகச் செருகுங்கள். நான் ஒருமுறை இருபது வெள்ளி மிச்சம் பிடிக்க நினைத்து, வண்டியோடு வராத சார்ஜர் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். இரண்டாம் நாள் மாலை, அடுப்பில் எதுவும் இல்லாதபோது பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. போய்த் தொட்டால் செருகி கை வைக்க முடியாத சூடு, ஒரு முனையைச் சுற்றிப் பழுப்பு வளையம். அதில் பாதுகாப்புச் சின்னம் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். வாங்கும்போது பார்த்திருக்க வேண்டியது. பேட்டரி உப்பினாலோ, கீழே விழுந்து நசுங்கினாலோ, அதைச் சார்ஜ் செய்யும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

வண்டியை வீட்டு வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் நிறுத்துபவர்கள், குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி திறந்திருக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்ளட்டும். எதிர்வீட்டு ஆச்சியின் தள்ளுவண்டி போய்வர முடியவில்லை என்றால், நகர மன்றம் வருவதற்கு முன் ஆச்சியே வந்துவிடுவார்.

ஓட்டும்போது சைக்கிள் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது உச்சவரம்பு மட்டுமே. புளோக்கின் தூண்களுக்குப் பின்னாலிருந்து குழந்தை ஓடி வரக்கூடிய இடத்தில் பத்துகூட அதிகம். சாலையில் போகும் மின்சைக்கிள்காரர் தலைக்கவசம் அணிவது சட்டப்படி கட்டாயம். சைக்கிள் பாதையில் போகும் ஸ்கூட்டர்காரருக்கும் அதே மண்டைதான். பேருந்து நிறுத்தத்தை நெருங்கும் பேருந்தையும் இடப்பக்கம் திரும்பும் லாரியையும் இடப்பக்கமாக முந்தவே கூடாது. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அந்த மூலை தெரியாது. கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது குற்றம். இருட்டிய பின் முன்னும் பின்னும் விளக்கு எரிய வேண்டும்.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் விடியற்காலையில் திடீரென்று வீசும் சுமத்ரா காற்றும், டிசம்பர், ஜனவரி மாதங்களில் நாள் முழுக்கப் பிடிவாதமாகப் பெய்யும் பருவமழையும் இந்த வண்டிகளுக்குப் பகை. நனைந்த சாலைக்கோடுகளும் சாக்கடை இரும்பு மூடிகளும் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். அவற்றின்மேல் பிரேக் பிடிக்காமல், வண்டியைத் திருப்பாமல், நேராகக் கடந்து போக வேண்டும். சிறு சக்கரம் கொண்ட ஸ்கூட்டரில் இது இன்னும் கடுமை. இடி இடித்தால் ஏதாவதொரு கீழ்த்தளத்தில் ஒதுங்கி நில்லுங்கள், வேலைக்குப் பத்து நிமிடம் தாமதமாகட்டும்.

வாராந்தரச் சந்தைக்கு நான் போகும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கெல்லாம் கிளம்பி, மின்சைக்கிளிலேயே தேக்காவுக்குப் போய்விடுவேன்; அந்நேரத்தில் சாலைகளில் நெரிசல் இருக்காது. பின்சட்டத்தின் இரு பக்கமும் தொங்கும் பைகளில், கனமான தேங்காயும் வெங்காயமும் அடியில், கீரையும் கறிவேப்பிலையும் மேலே, இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கும்படி அடுக்குவேன். முதல் தடவை எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து, புறப்பட்ட இடத்திலேயே வண்டி சாய்ந்து, பஃப்ளோ ரோட்டில் நாலு முருங்கைக்காய் உருண்டன. நல்ல உலோகப் பூட்டால் வண்டியின் சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்து நிறுத்துச்சட்டத்தோடு பூட்டுங்கள்; சக்கரத்தை மட்டும் பூட்டினால் திரும்பி வரும்போது சக்கரம் மட்டுமே இருக்கலாம்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. வாரத்துக்கு ஒருமுறை காற்று, மாதத்துக்கு ஒருமுறை பிரேக் கட்டையும் சங்கிலியும் பார்த்தால் போதும். சில நூறு முறை சார்ஜ் ஆன பிறகு பேட்டரி சோர்ந்து, முப்பது கிலோமீட்டர் ஓடியது இருபதில் நிற்கத் தொடங்கும். அப்போது அதே தயாரிப்பாளரின் பேட்டரியையே வாங்க வேண்டும். பேட்டரிக்குள் வேறு அறைகளைப் பொருத்தித் தருகிறேன் என்பவரிடம் போகக்கூடாது. வண்டியையே கழிப்பதென்றால், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நகராமல், மின்கழிவு சேகரிப்புக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் பெயரில் உள்ள பதிவையும் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் யாரோ அதை எடுத்து நடைபாதையில் ஓட்டும் நாளில் விசாரணை உங்களிடம் வரும்.