இப்போது என்ன படிக்கிறீர்கள்?

இப்படி யாராவது கேட்டால் தலைப்பை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள், எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை, எங்கே கொட்டாவி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘முதல் நூறு பக்கம் இழுவை, அப்புறம் ஓட்டம்தான்’ என்ற ஒரு வரி, ‘அருமையான நாவல்’ என்பதைவிட எவ்வளவோ உதவும்.

பிடித்த வகையைச் சொல்வதிலும் இதே கதைதான். ‘துப்பறியும் கதை பிடிக்கும்’ என்றால் எதைப் பரிந்துரைப்பது? கொலையாளி யாரென்று கடைசிவரை தெரியாத கதையா, முதல் அத்தியாயத்திலேயே ஆள் தெரிந்துவிட, எப்படிப் பிடிபடுகிறான் என்று போகும் கதையா? இரண்டுக்கும் வாசகர்கள் வேறு. முடிவை மட்டும் உளறிவிடாதீர்கள். அந்தப் பாவத்துக்கு மன்னிப்பே கிடையாது.

மொழிபெயர்ப்பு நூலென்றால், அட்டையோடு பதிப்பு விவரம் உள்ள பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். ஒரே நாவலுக்கு இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகள்கூட இருக்கும். அந்தப் பக்கத்தில் ஐஎஸ்பிஎன் எண் (ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்) இருந்தால் அதையே போட்டுத் தேடலாம். நீங்கள் படித்த அதே பதிப்பு சிக்கும். 2007க்குப் பிறகு வந்தவற்றில் 13 இலக்கம், பழையவற்றில் பெரும்பாலும் 10.