மீன் குடல் நொதியை அளக்கிறீர்களா? முதலில் பிளாங்கைப் பாருங்கள்

ஏப்ரல் நெருங்கினால் மண்டபம் பக்கம் புராஜெக்ட் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். மீன் குடலில் புரோட்டியேஸ் என்ற, புரதத்தைச் செரிக்கும் நொதியை எடுத்து, அது பால் புரதமான கேசீனை எவ்வளவு செரிக்கிறது என்று ஸ்பெக்ட்ரோவில் (ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி) பார்ப்பது பலருக்கும் பிடித்த தலைப்பு. பிப்பெட் பிடிக்கத் தெரியாதது, குழாயில் எண் போட மறப்பது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். அதை விடுங்கள். முடிவையே கெடுக்கும் தவறுகளைப் பார்ப்போம்.

தண்ணீரை பிளாங்காக வைப்பது

பிளாங்க் என்பது ஒப்பிட்டுக் கழிக்க வைக்கும் குழாய். அதில் வெறும் தண்ணீரை வைப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். கேசீனில் குடல் சாற்றை விட்டு, 37 டிகிரியில் வைத்து, டிசிஏ (டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம்) ஊற்றி நொதியை நிறுத்துகிறோம். செரிக்காத புரதம் வெள்ளையாகத் திரிந்து அடியில் இறங்கும். சின்னத் துண்டுகளும் டைரோசின், டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலங்களும் மேலே கரைந்து நிற்கும். அதைத்தான் 280 நானோமீட்டர் ஒளியில் படிக்கிறோம். ஆனால் குடல் சாறு சுத்தமான நொதியா என்ன? மீன் தின்ற இரை செரித்தது, குடல் தன்னைத்தானே கரைத்துக்கொண்டது என்று அதே துண்டுகள் அதில் முன்பே கிடக்கும். எது பழசு, எது கேசீனிலிருந்து வந்தது என்று கருவிக்குத் தெரியாது.

மீன்பிடித் தடைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மாணவர் பாம்பனில் வாங்கிய சங்கரா குடலில் பாதியை ஐஸில் வைத்தார். மீதி மதியம் வரை வெளியே கிடந்தது. கருவி காட்டியது ஐஸ் குடலுக்கு 0.31, வெளியே கிடந்து கெட்டதற்கு 0.62. சூட்டில் நொதி பெருகுகிறது என்று அறிக்கையே எழுதிவிட்டார். மிச்சச் சாற்றில் முறையான பிளாங்க் போட்டோம்: ஐஸ் குடலுக்கு 0.08, கெட்டதற்கு 0.50. கழித்தால் 0.23, 0.12. முடிவு தலைகீழ். திரும்பச் செய்யலாமென்றால் சாறு தீர்ந்துவிட்டது. ஏப்ரல் 15 வந்துவிட்டது, ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் விலையோ மாணவர் கைக்கு எட்டாது.

ஒவ்வொரு சாற்றுக்கும் தனி பிளாங்க் வேண்டும். அதே கேசீன், அதே சாறு, அதே அளவு. டிசிஏ மட்டும் முந்திக்கொள்ள வேண்டும்: கேசீனில் அதை ஊற்றிக் கலக்கிய பிறகே சாறு. குழாய் இரட்டிப்பாகும். ஆகட்டும்.

பிளாஸ்டிக் குவெட்

குவெட் என்பது கரைசலை ஊற்றி கருவிக்குள் வைக்கும் சின்னக் குப்பி. 280-இல் சாதாரண பிளாஸ்டிக் ஆகாது. குவார்ட்ஸ் வேண்டும்.

கலங்கல்

வடிகட்டியும் மங்கலா? படிக்காதீர்கள், மறுபடி வடிகட்டுங்கள்.

இரைப்பைக்கும் கேசீனா?

அமிலம் கூடி பிஎச் 4.6 பக்கம் போனால் கேசீன் தானே திரிந்துவிடும். அமிலத்தில் வேலை செய்யும் இரைப்பை நொதியான பெப்சினுக்கு ஆன்சன் 1938-இல் எழுதிய ஹீமோகுளோபின் முறைக்குப் போங்கள்.

ஒரே ஒரு நேரப்புள்ளியில் மட்டும் படிப்பது

5, 10, 20 நிமிடங்களில் ஒவ்வொரு குழாயை நிறுத்தி வரைந்து பாருங்கள். கோடு நேராக ஏறும் வரைதான் கணக்கு செல்லும். சீக்கிரமே வளைந்தால் சாற்றில் பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) கலந்து நீர்க்கவிட்டு மறுபடி வையுங்கள்.