சோலைக்குள் படமெடுக்கும் பூ: கோப்ரா லில்லியை அடையாளம் காண்பது எப்படி?

கோடை மழை நாலைந்து பெய்து மண் நனைந்ததும், நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காட்டு நிழலில் ஒரு சிறு நாகம் படமெடுத்து நிற்பதுபோல் இந்தப் பூ எழுந்து நிற்கும். அறிவியல் பெயர் அரிசீமா லெஷனால்டி. இலங்கையின் மலைநாட்டிலும் உண்டு. லில்லி என்று பெயரில் இருந்தாலும் இது சேனைக்கும் சேம்புக்கும்தான் சொந்தம்.

முதல் வருடம் நான் பூவை மட்டும் விதவிதமாகப் படமெடுத்துக்கொண்டு வந்தேன். இன்ன இனம் என்று உறுதி செய்ய அவை போதவில்லை. ஆகவே பூவைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் இடம். மே, ஜூன் மாதங்களில், 1,500 மீட்டருக்கு மேல், மட்கிய இலைகள் மெத்தையாகக் கிடக்கும் ஈரமான நிழலில் தேடுங்கள். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும்.

அடுத்தது தண்டு. அடியில் பழுப்பும் ஊதாவும் கலந்த திட்டுகள், பாம்புத் தோல்போல. உண்மையில் அது தண்டே அன்று. இலைக்காம்பின் அடி உறைபோலச் சுற்றி நிற்பதுதான் அப்படித் தெரிகிறது.

மூன்றாவது படியில் அவசரம் வேண்டாம்: இலை. குனிந்து மேலிருந்து பாருங்கள். பெரும்பாலும் 7 முதல் 12 வரை சிற்றிலைகள், குடைக்கம்பிகளைப்போல ஒரே புள்ளியிலிருந்து வட்டமாக விரியும். நுனிகள் வால்போல் நீளும். இதே மலைகளில் வளரும் உறவுக்காரச் செடியான அரிசீமா டார்ச்சுவோசத்தில் சிற்றிலைகள் ஒரே புள்ளியில் கூடாமல் வில்போல் வளைந்த காம்பில் வரிசையாக அமைந்திருக்கும். இவை இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அநேகர்.

இப்போது பூ. படம்போல் கவிந்திருப்பது இதழ் அன்று, தாழம்பூவில் இருப்பதைப் போன்ற மடல். பச்சையிலோ ஊதாவிலோ வெள்ளைக் கோடுகள் நெடுக ஓடும். உள்ளே ஒரு கதிர் நிற்கும். உண்மையான பூக்கள் அதன் அடியில், மிகச் சிறியவை. டார்ச்சுவோசத்தில் இந்தக் கதிரின் நுனி நீண்ட வாலாக வெளியே வளைந்து எழும்.

மடலின் அடியில், இரு ஓரங்களும் சேரும் இடத்தைக் கையால் தொடாமல் உற்றுப் பாருங்கள். அரிசீமா வகைச் செடிகளில் பொதுவாக ஆண்பூ மடலில் அங்கே ஒரு சிறு இடைவெளி இருக்கும். உள்ளே இறங்கிய கொசுபோன்ற சிறு பூச்சிகள் மகரந்தத்தைச் சுமந்தபடி அதன் வழியே வெளியேறும். பெண்பூவில் அந்த வாசல் இல்லை. வந்த பூச்சி பெரும்பாலும் உள்ளேயே மடியும்.

இலையைக் கிள்ளிச் சுவைக்கவே கூடாது. சேனையில் நாவை அரிக்கும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதிலும் உண்டு. கிழங்கைத் தோண்டுவது அந்தச் செடியைக் கொல்வது.

இலையை மேலிருந்து ஒன்று, தண்டின் அடி ஒன்று, மடலைப் பக்கவாட்டில் ஒன்று என மூன்று படங்கள் போதும். இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடியும்போது போனால் சிறு மக்காச்சோளக் கதிர்போலச் சிவந்த பழக்குலை நிற்கும். அடுத்த மே மாதம் மீண்டும் போய் மடலின் அடியைப் பாருங்கள்: கிழங்கு பெருத்திருந்தால், சென்ற ஆண்டு ஆணாக இருந்த செடி இந்த ஆண்டு பெண்ணாகப் பூத்திருக்கக்கூடும்.