ஒரு லட்சம் வெள்ளி யாருடையது? பொருளியல் செய்திகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தி. அருகில் அமர்ந்திருந்த உறவுக்காரப் பெரியவர் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். "தம்பி, சிங்கப்பூர்ல ஆளுக்கு வருஷம் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேலயாம். எங்க வீட்டுல அஞ்சு பேரு. அந்த அஞ்சு லட்சத்த யாரு எடுத்துக்கிட்டுப் போனா?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. யாரோ தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற வலி அதில் இருந்தது. தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுப்பவன் நான். என் மாணவர்களும் பத்துக்கு எட்டு பேர் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். எண் பொய்யில்லை. அது யாரைக் கணக்கில் எடுத்தது, யாரை விட்டது என்று பார்க்காமலே நாம் அதை நம்பிவிடுகிறோம், அல்லது தூக்கி எறிகிறோம்.

உற்பத்தியை வருமானம் என்று எடுத்துக்கொள்வது

பெரியவர் காட்டியது தலா மொத்த உள்நாட்டு உற்பத்தி. இந்தத் தீவின் எல்லைக்குள் ஓராண்டில் உருவான பொருள், சேவைகளின் மதிப்பைக் கூட்டி, இங்கு வாழும் தலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. இங்கு உருவானதெல்லாம் இங்குள்ளவர் கைக்கு வருவதில்லை. ஜூரோங்கில் இயங்கும் ஒரு வெளிநாட்டு மருந்து ஆலையின் லாபமும் அந்தக் கூட்டுத்தொகைக்குள் இருக்கிறது. அது இயந்திரங்களின் தேய்மானத்துக்கும் பங்குதாரர்களின் ஈவுக்கும் (லாபப் பங்குக்கும்) என்று பிரிந்து, பெரும்பகுதி கடல் கடந்து போகக்கூடும். சம்பளமாக ஊழியர்களுக்குப் போய்ச் சேருவது மொத்தத்தில் பாதிக்கும் குறைவு.

வகுக்கும் எண்ணையும் பாருங்கள். 2024 ஜூனில் இங்கிருந்தவர்கள் சுமார் 60.4 லட்சம் பேர். அவர்களில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சுமார் 41.8 லட்சம், மீதி 18.6 லட்சம் பேர் வெளிநாட்டவர். துவாஸில் கப்பல் பழுதுபார்ப்பவர், புங்கோலில் கட்டடம் எழுப்புபவர், நம் வீடுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் எல்லாரும் அதில் அடக்கம். தலா உற்பத்தியைக் கணக்கிடும்போது இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தலை.

அடுத்த எண்ணுக்குத் தாவும்போது ஆள் மாறுவதைக் கவனிக்காமல் விடுவது

"சரி, அது வேண்டாம். இடைநிலைச் சம்பளத்தைப் பார்ப்போம்" என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நல்ல யோசனைதான். எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்பது இடைநிலை. மேலே நிற்கும் கோடீஸ்வரரால் அது வீங்குவதில்லை. மனிதவள அமைச்சு சொன்ன 2024 எண் மாதம் 5,500 வெள்ளி.

ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்கள் முழுநேர வேலையில் உள்ள குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே. பகுதிநேர ஊழியர் அதில் இல்லை. தலா உற்பத்தியில் ஒரு தலையாக எண்ணப்பட்ட துவாஸ் தொழிலாளி இங்கே காணாமல் போய்விடுகிறார். ஓர் எண்ணில் வகுக்க மட்டும் பயன்பட்டவர், மறு எண்ணில் இல்லவே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாதாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. அந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களின் தங்குவிடுதிகளில் நம் மொழி பேசுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

5,500 வெள்ளி கைக்கு வரும் தொகையும் அல்ல. முதலாளி கட்டும் மத்திய சேம நிதிச் சந்தா அதற்குள் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவருக்கு முதலாளி 17 விழுக்காடு, ஊழியர் 20 விழுக்காடு என்று வைத்துக் கணக்குப் போட்டால், சம்பளச் சீட்டில் இருப்பது ஏறத்தாழ 4,700. வங்கிக் கணக்கில் விழுவது 3,760 வெள்ளி சுமார். சேம நிதி நம் பணம்தான், வீட்டுக்கடனுக்கும் முதுமைக்கும் உதவும். ஆனாலும் மாதக் கடைசியில் வீட்டு வரவுசெலவில் தட்டுப்பாடு உள்ளவர் 5,500 என்று படித்துவிட்டுத் தன்னைத் தாழ்வாக எண்ணக் கூடாது.

ஏற்றத்தாழ்வைக் காட்டும் கினி எண்ணிலும் (0 என்றால் எல்லாருக்கும் சமம், 1 என்றால் எல்லாம் ஒருவருக்கே) இதே கதை. 2023க்கு வெளியானது 0.433; வரியும் அரசாங்க உதவியும் சேர்த்தால் 0.371. இறங்குவது நல்ல சேதி. ஆனால் அந்த எண் வேலையிலிருந்து வரும் வருமானத்தை வைத்துப் போட்டது. வாடகை, வட்டி, பங்கு ஈவு இவை அதில் சேரவில்லை. சொத்தில் உள்ள இடைவெளியைப் பற்றிப் பேச இந்த எண்ணை எடுப்பது, எடை பார்க்க அடிக்கோலைத் தேடுவது போல.

இன அடிப்படையில் வரும் புள்ளிவிவரத்திலும் ஓர் எச்சரிக்கை. "இந்தியர் வருமானம் உயர்ந்தது" என்றால் யாருடைய சம்பளமும் உயராமலேயே அது நடந்திருக்கலாம். நல்ல சம்பளத்தில் இருக்கும் சில ஆயிரம் பேர் புதிதாக நிரந்தரவாசி ஆனால் போதும், நடுவில் நிற்பவர் மாறிவிடுவார். மூன்று தலைமுறையாக இங்கிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்பதை அந்த ஓர் எண் சொல்லாது.

தவறான மாதத்தோடு ஒப்பிடுவது

தேக்காவில் துணிக்கடை வைத்திருப்பவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. 2023ல் தீபாவளி நவம்பர் 12. 2024ல் அக்டோபர் 31. 2024 நவம்பர் விற்பனையை முந்திய நவம்பரோடு ஒப்பிட்டால் வியாபாரம் படுத்துவிட்டது போலத் தெரியும். வாடிக்கையாளர் எங்கும் போகவில்லை. பண்டிகைதான் முன்னால் வந்துவிட்டது. அக்டோபர், நவம்பர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை தெரியும். நாடு முழுக்க இதே வேலையைச் சீனப் புத்தாண்டு செய்கிறது. அது ஜனவரியிலும் வரும், பிப்ரவரியிலும் வரும். சில்லறை விற்பனை, ஏற்றுமதி எண்களை அந்த இரு மாதங்களுக்கும் சேர்த்துப் படிப்பதுதான் முறை.

பொருளியல் வளர்ச்சியிலும் இரண்டு ஒப்பீடுகள் வருகின்றன. ஒன்று, சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு. மற்றது, பருவகாலத் திருத்தம் செய்து முந்திய காலாண்டோடு. ஒரே நாளில் ஒன்று ஏறியும் மற்றது இறங்கியும் இருக்கலாம். செய்தித் தலைப்பு எதைச் சொல்கிறது என்று பார்த்துவிட்டுக் கவலைப்படுங்கள்.

முன்மதிப்பீட்டை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. வர்த்தக தொழில் அமைச்சின் முதல் மதிப்பீடு காலாண்டு முடிந்து இரண்டு வாரத்தில் வந்துவிடும். அதற்குப் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத் தரவுதான் அடிப்படை. 2020ஐப் பாருங்கள். 2021 ஜனவரியில் சொன்னது 5.8 விழுக்காடு சரிவு. பிப்ரவரியில் 5.4 ஆனது. ஓராண்டு கழித்து 4.1. இதில் மறைப்பும் இல்லை, ஏமாற்றும் இல்லை. நிறுவனங்களின் கணக்குகள் முழுமையாக வந்துசேர நேரமாகிறது. அடுத்த ஆண்டு 7.6 விழுக்காடு வளர்ந்ததாக அறிவித்தபோது பலர் மகிழ்ந்தார்கள். 100 என்பது 95.9க்கு விழுந்து 103.2க்கு ஏறியது என்று எழுதிப் பார்த்தால், இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து வளர்ச்சி 3.2 விழுக்காடுதான். பள்ளத்திலிருந்து ஏறும் வேகத்தை மலையேறும் வேகமாக நினைத்துவிடுகிறோம்.

பணவீக்கம் குறைந்தால் விலை குறையும் என்று காத்திருப்பது

குறைவது ஏறும் வேகம்; விலை அல்ல. சில செலவுகளை விலக்கிக் கணக்கிடும் மூலாதாரப் பணவீக்கம் 2023 தொடக்கத்தில் 5.5 விழுக்காட்டைத் தொட்டது. 2024 இறுதியில் 2க்குக் கீழ் வந்துவிட்டது. ஆனால் 100 வெள்ளிக்கு வாங்கிய சாமான் ஓராண்டில் 105.50 ஆகி, மறு ஆண்டில் 2 விழுக்காடு ஏறினால் 107.60ல் நிற்கும். பழைய 100க்குத் திரும்பாது. சந்தைக்குப் போய்வரும் அக்கா "எங்க குறைஞ்சுது?" என்று கேட்டால் அவர் சொல்வது சரி. அமைச்சு சொல்வதும் சரி.

இன்னொரு குழப்பம் அமெரிக்கச் செய்தி பார்த்து வருவது. அங்கே மூலாதாரப் பணவீக்கம் என்றால் உணவையும் எரிசக்தியையும் விலக்கிவிடுவார்கள். "சாப்பாட்டையே கணக்கில் எடுக்காத எண் எதற்கு?" என்று இங்கேயும் கோபப்படுகிறார்கள். சிங்கப்பூரில் விலக்குவது தங்குமிடத்தையும் தனியார் போக்குவரத்தையும்தான். உணவு உள்ளேயே இருக்கிறது. விலக்கக் காரணம் உண்டு. கார் வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழின் விலை ஏலத்துக்கு ஏலம் குதிக்கும். கார் இல்லாத வீட்டை அது நேரடியாகத் தொடாது. தங்குமிடச் செலவோ சொந்த வீட்டில் இருப்பவருக்கும் வாடகை கொடுப்பதாகக் கற்பனை செய்து போடும் கணக்கு. இங்குள்ள குடும்பங்களில் பத்தில் ஒன்பது சொந்த வீட்டுக்காரர்கள். வாடகை ஏறினால் அவர்கள் கையிலிருந்து ஒரு காசும் கூடுதலாகப் போகாமலே மொத்தப் பணவீக்கம் ஏறும். வாடகைக்கு இருப்பவருக்கு அது நிஜமான சுமை. அவர் மொத்தப் பணவீக்கத்தையே பார்க்க வேண்டும்.

பொருள் சேவை வரி 2023ல் 8, 2024ல் 9 விழுக்காடு ஆனது. ஒவ்வொரு ஏற்றமும் விலையை ஒரு படி தூக்கிவிட்டு நிற்கும். பன்னிரண்டு மாதம் கழித்துப் பணவீக்க எண்ணிலிருந்து அது மறைந்துவிடும், ரசீதிலிருந்து மறையாது.

"விலை ஏறுதே, நாணய ஆணையம் வட்டியை ஏன் உயர்த்தவில்லை?" என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. 1981லிருந்தே சிங்கப்பூரின் மத்திய வங்கியான நாணய ஆணையம் வட்டி விகிதத்தைக் கருவியாக வைத்துக்கொள்ளவில்லை. வர்த்தகக் கூட்டாளி நாடுகளின் நாணயக் கூடைக்கு எதிராக வெள்ளியின் மதிப்பை ஒரு வரம்புக்குள் நகர விடுகிறது. ஏற்றுமதி இறக்குமதி சேர்ந்து உற்பத்தியைப் போல மூன்று மடங்கு இருக்கும் ஊரில், இறக்குமதி விலையைத் தொட இதுவே நேர்வழி. ஊருக்குப் பணம் அனுப்பும் கடையில் தெரியும் ரூபாய் மதிப்பு வேறு விஷயம். ரூபாய் தன் காரணத்தால் சரிந்தாலும் அந்தப் பலகையில் எண் ஏறும்.

ஒரே ஆய்வைத் தீர்ப்பாகப் பிடித்துக்கொள்வது

சிங்கப்பூரின் வளர்ச்சி பற்றிய மிகச் சூடான விவாதம் இங்கேதான் பாடமாகிறது. 1990களின் முற்பகுதியில் பொருளியலாளர் ஆல்வின் யங் 1966 முதல் 1990 வரையிலான கணக்குகளைப் பிரித்துப் பார்த்தார். ஆண்டுக்கு 8.7 விழுக்காடு வளர்ந்த பொருளியலில், உழைப்பையும் முதலீட்டையும் கழித்தபின் உற்பத்தித்திறனுக்கு மிஞ்சியது 0.2 விழுக்காடு சுமார். இன்னொரு பொருளியலாளர் பால் குருக்மன் 1994ல் இதை எடுத்துக்கொண்டு உலகறியச் செய்தார். மக்கள்தொகையில் வேலை செய்வோரின் பங்கு 27லிருந்து 51 விழுக்காடானது, உற்பத்தியில் முதலீட்டின் பங்கு 11லிருந்து 40 விழுக்காட்டுக்கு மேல் போனது. இது வியர்வையால் வந்த வளர்ச்சி, நுணுக்கத்தால் அல்ல என்றார். சோவியத் யூனியனோடு ஒப்பிட்டார். இங்கே அது பலரைக் காயப்படுத்தியது.

2002ல் பொருளியலாளர் சாங்-டாய் ஷியே வேறு வாசல் வழியாக நுழைந்தார். திறன் வளராமல் இயந்திரத்தை மட்டும் குவித்தால், ஒவ்வொரு புது இயந்திரமும் ஈட்டும் பலன் வேகமாகக் குறைய வேண்டும். சந்தையில் தெரிந்த பலன் அப்படிக் குறையவில்லை. விலைகளை வைத்துக் கணக்கிட்டால் உற்பத்தித்திறன் வளர்ச்சி ஏறக்குறைய 2 விழுக்காடு என்று வந்தது. 0.2 எங்கே, 2 எங்கே! இருவரும் நேர்மையான ஆய்வாளர்கள். ஒருவர் தேசியக் கணக்கில் பதிவான முதலீட்டை நம்பினார். மற்றவர் சந்தை விலையை நம்பினார். முப்பது ஆண்டுக்குப் பிறகும் குருக்மன் சொன்னதை மட்டும் எடுத்து "சிங்கப்பூருக்குப் புதுமை வராது" என்று முடிக்கிறவர்கள் பாதிக் கதையில் புத்தகத்தை மூடியவர்கள். என் கணிப்பு: உண்மை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது, ஷியே பக்கம் கொஞ்சம் சாய்ந்து.

பிறகு நடந்ததெல்லாம் அதனால் நடந்தது என்பது

1985ல் பொருளியல் சுருங்கியது. 1986ல் முதலாளிகளின் சேம நிதிச் சந்தா 25 விழுக்காட்டிலிருந்து 10க்குக் குறைக்கப்பட்டது. அடுத்து மீட்சி. "சந்தாவைக் குறைத்தார்கள், பிழைத்தோம்" என்று என் அப்பா தலைமுறை சொல்லும். தியாகம் உண்மை. கூலிச் செலவு குறைந்ததும் உண்மை. ஆனால் 1985 செப்டம்பரில் பெரிய நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டால் யென் மதிப்பு எகிற, ஜப்பானிய ஆலைகள் தென்கிழக்காசியாவை நோக்கி நகர்ந்தன. எல்லாம் ஒரே நேரத்தில். சந்தாக் குறைப்பு மட்டும் எத்தனை வேலையைக் காத்தது என்று சொல்ல, சந்தா குறைக்காத இன்னொரு சிங்கப்பூர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

அது கிடைக்காதபோது நல்ல ஆய்வாளர்கள் தேடுவது, ஒரு கொள்கை சிலருக்கு முன்னும் சிலருக்குப் பின்னும் வந்த இடத்தை. படிப்படியாக உயரும் சம்பள முறை துப்புரவுத் துறையில் 2014லும் பாதுகாவல் துறையில் 2016லும் சில்லறை விற்பனையில் 2022லும் கட்டாயமானது. இந்த இடைவெளிதான் அவர்களுக்குக் கிடைக்கும் ஒப்பீடு. அத்தகைய ஆய்வு கையில் வந்தால் நான் முதலில் திருப்புவது அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்பை. இந்தச் சம்பள முறை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. அதே மாடியில் அதே வாளியோடு நிற்கும் வேலை அனுமதிச் சீட்டில் வந்த வெளிநாட்டவருக்கு வேலை கூடியதா, குறைந்ததா, சம்பளம் நகர்ந்ததா என்று அந்த அட்டவணை எண்ணியிருக்கிறதா என்று பார்ப்பேன்.